கியருக்கும் கியருக்கும் நடுவே

கையால் கியர் போடுகிற வண்டி காராக இருக்கட்டும், லாரியாக இருக்கட்டும், ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு நேரே தாவ முடியாது. நடுவில் நியூட்ரலைக் கடந்தே தீர வேண்டும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் போகும் கை முதலில் இரண்டாவதை விடுகிறது. எந்தக் கியரும் இல்லாத ஓர் இடத்துக்கு வருகிறது. அங்கிருந்துதான் மூன்றாவதை நாடிப் போகிறது. அந்த இடத்தில் எஞ்சின் ஒரு பக்கம் தன்பாட்டுக்குச் சுழல்கிறது. சக்கரங்கள் இன்னொரு பக்கம் தம்பாட்டுக்கு உருள்கின்றன. இரண்டையும் எதுவும் பிணைக்கவில்லை. கடந்து போக அரை விநாடி போதும் என்பதால் ஓட்டுகிறவர்கள் அதை ஓர் இடமாகவே எண்ணுவதில்லை.

அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு சிறு கைவேலை. கணினியில் கார் பந்தயம் ஓட்டுவதற்கான ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் வைக்க ஒரு கியர் ராடை வீட்டிலேயே செய்தேன். ஒட்டுப்பலகை, அலுமினியத் தகடு, ஸ்பிரிங், சுவிட்ச், கொஞ்சம் ஒயர், இவ்வளவுதான் பொருள். மனம் எங்கே நிற்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டதெல்லாம் அந்த வேலையில்தான் என் கைக்குப் புரிந்தது. அதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கை போகும் வழி

கணினியில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் மேசை விளிம்பில் ஸ்டீயரிங்கைப் பூட்டிக்கொள்கிறார்கள். காலடியில் பெடல்கள். கியர் மாற்றுவதற்கு ஸ்டீயரிங்கின் பின்புறம் இரண்டு சிறு தகடுகள் இருக்கும். வலது தகட்டை இழுத்தால் கியர் ஏறும்; இடது தகட்டை இழுத்தால் இறங்கும். கையை எங்கும் எடுக்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு நிஜப் பந்தயத்திலிருந்து வந்தது. ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 காரில் 1989-ஆம் ஆண்டு இது ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குள் நுழைந்தது. ரியோ டி ஜெனிரோவில் நடந்த அதன் முதல் பந்தயத்திலேயே நைஜல் மேன்செல் அந்தக் காரை ஓட்டி வென்றார். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற அணிகளும் அதே வழிக்கு வந்துவிட்டன.

அது நல்ல கண்டுபிடிப்பு. நேரம் மிச்சமாகிறது, தவறான கியர் விழும் ஆபத்தும் குறைகிறது. அப்படியிருந்தும், பல நாடுகளில் பலர் தங்கள் வீட்டு மேசையில் மரத்தையும் இரும்பையும் போட்டுக்கொண்டு பழைய மாதிரிக் கியர் ராடைச் செய்துகொண்டிருக்கிறார்கள். நிஜக் காரில் உட்கார்ந்த உணர்வு வேண்டும் என்பதே அவர்கள் சொல்லும் காரணம். அந்த உணர்வு எதனால் வருகிறது என்று யோசித்தால் ஒன்று தெளிவாகிறது. தகட்டை இழுக்கும்போது விரல் ஒரு கட்டளையை இட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறது. ராடைப் பிடித்து மாற்றும்போது கை ஒரு வழியைக் கடக்கிறது. அந்த வழிக்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் உண்டு. நடு இருப்பதால்தான் செயலுக்கு ஆழம் கிடைக்கிறது.

இருப்பதைக் கொண்டு செய்வதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. கோவையில் லேத் பட்டறைகளும் கார் பந்தயமும் அக்கம்பக்கத்தில் வளர்ந்தவை. அந்த ஊரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு, இங்குள்ள இளைஞர்களும் ஓட்டக்கூடிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று அவை பெயர் பெற்றன. கோவை நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் பந்தயம் பழகியது அவ்வகைக் காரில்தான். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். இல்லாததை நினைத்து ஏங்காமல், கைக்கு எட்டுவதை முழு மனத்தோடு எடுத்து வேலை செய்வது ஒரு நோன்பு. பழைய இரும்புக் கடையில் குனிந்து ஒரு ஸ்பிரிங்கைத் தேடும்போதும் அந்த நோன்பை அனுசரிக்கலாம்.

இரண்டு ஸ்பிரிங்குகள்

கியர் ராடின் அமைப்பு எளியது. ஓர் இரும்புத் தண்டு; அது எல்லாப் பக்கமும் சாயும்படி அடியில் ஒரு பால் ஜாயிண்ட்; சுற்றிலும் ஒட்டுப்பலகைப் பெட்டி. பெட்டியின் மேல் ஒரு தகடு. அந்தத் தகட்டில் மேலும் கீழுமாக மூன்று பள்ளங்களும், அவற்றை நடுவில் இணைக்கும் குறுக்குப் பள்ளம் ஒன்றும் வெட்டப்பட்டிருக்கும். மூன்று பள்ளங்களின் ஆறு நுனிகளும் ஆறு கியர்கள். குறுக்கே ஓடும் பள்ளம்தான் நியூட்ரல்.

தகட்டை வெட்டுவது பொறுமையைக் கேட்கும் வேலை. வரிசையாகத் துளை போட்டு, துளைகளை ரம்பத்தால் இணைத்து, பிசிரை அரத்தால் ராவி, கடைசியில் உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டும். மூலைகளைக் கொஞ்சம் வளைத்து விட்டால்தான் தண்டு தட்டாமல் திரும்பும். அரம் ஒரே சீராகப் போய் வரும்போது மூச்சும் தானே சீராகிறது. அவசரப்பட்டு அழுத்தினால் பள்ளம் அகலமாகிவிடும். பிறகு ராடு ஆடும். தகடு தன் கணக்கில்தான் தேயும். அதன் கணக்குக்கு நம்மைப் பழக்கிக்கொள்வதே அந்த நேரத்துச் சாதனை.

ராடு நடுவில் நிற்க வேண்டுமானால் இடமிருந்து ஒரு ஸ்பிரிங்கும் வலமிருந்து ஒரு ஸ்பிரிங்கும் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். நியூட்ரலில் கையை எடுத்ததும் ராடு தானாக மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் உள்ள வரிசைக்கு வந்து நிற்கும். நிஜக் காரிலும் இப்படித்தான். இரண்டு ஸ்பிரிங்குகளும் ஒரே கனம், ஒரே நீளம், ஒரே இழுவிசை உடையவையாக இருக்க வேண்டும். ஒன்று சற்றே வலுவாக இருந்தாலும் ராடு அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும். நடு என்பதே தவறிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நடுவில் நிற்கும் ராடின் மீது இழுவிசை இல்லாமல் இல்லை. இரண்டு பக்கமும் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டும் சமமாக இழுப்பதால்தான் அது அசையாமல் நிற்கிறது. அமைதியான மனிதர் என்று நாம் மதிக்கிறவர்களுக்கும் விருப்பு, வெறுப்பு, கடமை, களைப்பு எல்லாம் உண்டு. வீட்டின் தேவை ஒரு பக்கம் இழுக்கும். வெளி உலகம் ஒரு பக்கம் இழுக்கும். அவர்கள் எந்த இழுப்பையும் அறுத்துப் போடவில்லை. எதற்கும் கூடுதல் எடை கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். இன்பத்தையும் துன்பத்தையும் ஒன்றாகப் பார் என்று கீதை அர்ஜுனனுக்குச் சொல்வது போர்க்களத்தில். எல்லாம் இழுக்கும் இடத்தில்தான் அந்தப் போதனைக்கு வேலை இருக்கிறது.

பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

கியர் விழும்போது கைக்குத் தெரிகிற அந்தச் சிறு 'டக்' என்ற உணர்வை நிஜக் காரில் தருவது ஒரு எஃகுக் குண்டு. ஸ்பிரிங் அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். கியர் தண்டில் வெட்டிய குழி எதிரே வந்ததும் குண்டு அதில் போய் உட்காரும். வண்டி குலுங்கினாலும் கியர் கழன்று வராமல் காப்பது அதுதான். வீட்டில் செய்யும்போதும் பழைய பேரிங்கிலிருந்து ஒரு குண்டை எடுத்து, ஒரு ஸ்பிரிங்கின் முன்னால் வைத்தால் அதே பிடிப்பு வந்துவிடும்.

அந்த ஸ்பிரிங்கின் அழுத்தத்தைச் சரியாக அமைப்பதுதான் நுட்பம். பின்னால் ஒரு வாஷரைச் சேர்த்தால் பிடிப்பு கூடும், எடுத்தால் குறையும். பிடிப்பு குறைந்தால் போட்ட கியர் நிற்காது. கூடினால் போட்ட கியரை எடுக்கவே முடியாது. பலங்கொண்டு இழுக்கும்போது பெட்டியே மேசையை விட்டு நகர்ந்துவிடும். உறுதியாகப் பிடித்து, அழைத்த உடனே விடுவிக்கிற ஓர் அளவு இருக்கிறது. வாஷரைச் சேர்த்தும் எடுத்தும் கை அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறது.

ஈடுபாட்டுக்கும் பற்றுக்கும் உள்ள வேறுபாடு இந்த அளவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிள்ளையை வளர்க்கும்போது முழுதாக அந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும். பிள்ளை வளர்ந்து தன் வழி தேடும்போது நோகாமல் விட வேண்டும். பதவியில் இருக்கும் வரை அதைக் குறைவின்றிச் செய்ய வேண்டும். முடியும் நாளில் எழுந்து வர வேண்டும். பிடிப்பே வேண்டாம் என்று ஞானிகள் சொன்னதாக நான் எடுத்துக்கொள்வதில்லை. பிடித்ததை விடத் தெரிந்த பிடிப்பையே கேட்டார்கள்.

நிஜக் கியர் பெட்டியில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஒரு கியருக்கான தண்டு நகர்ந்தால் மற்றத் தண்டுகள் பூட்டிக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்தால் பெட்டியே நொறுங்கிவிடும் என்பதால் அப்படி. வீட்டில் செய்ததில் தகட்டின் பள்ளமே அந்தக் காவலைச் செய்கிறது: ஒரு நேரத்தில் ஒரு பள்ளத்தில்தான் தண்டு இருக்க முடியும். சாப்பிடும்போது சாப்பாடு, பேசும்போது பேச்சு, கும்பிடும்போது கும்பிடுதல். கேட்க எளிதாக இருக்கும் இந்த ஒழுக்கத்தைக் காக்க, இரும்பில்கூட ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் நேரங்களும் நியமங்களும் அந்தப் பூட்டின் வேலையைச் செய்கின்றன.

ரிவர்ஸ் கியருக்குத் தனி ஏற்பாடு. ராடைக் கீழே அழுத்திக்கொண்டே ஆறாவது இடத்துக்குக் கொண்டுபோனால்தான் அது விழும்படி செய்தேன். பல கார்களில் ஒரு வளையத்தைத் தூக்க வேண்டியிருக்கும், அல்லது இப்படி அழுத்த வேண்டியிருக்கும். பழையதை நோக்கித் திரும்புவது தவறில்லை. தேவையான நேரம் உண்டு. கை தவறிப் போய்விடக் கூடாது. தெரிந்தே செய்ய வேண்டும். நினைவுகளுக்குள் போகும்போதும் இந்த நிதானம் இருந்தால் போதும்.

தொங்கும் ஒயர்

இனி மின்சாரப் பகுதி. பள்ளத்தின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு மைக்ரோ சுவிட்ச். தண்டு வந்து அழுத்தினால் அது மூடும். அழுத்தும் ரிவர்ஸுக்கு ஒன்று சேர்த்து மொத்தம் ஏழு. அவற்றிலிருந்து வரும் ஒயர்கள் ஒரு சின்னப் பலகையில் சேரும். ஆர்டுயினோ லியனார்டோ என்ற பலகை இந்த வேலைக்குப் பொருத்தமானது. அதிலுள்ள ஏடிமெகா 32யூ4 சிப் யூஎஸ்பி வழியாகத் தன்னை ஒரு ஜாய்ஸ்டிக் என்று கணினிக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு கியரும் கணினிக்கு ஒரு பொத்தான். கியரில் இருக்கும் வரை அந்தப் பொத்தான் அழுந்தியே இருக்கும்.

இங்கே ஒரு விந்தை. சுவிட்ச் திறந்திருக்கும்போது, பலகையில் அதன் ஒயர் சேரும் காலுடன் (பின்) எதுவும் இணைந்திருக்காது. எதனோடும் சேராமல் தொங்கும் அந்தக் கால் சும்மா இருக்கும் என்று நினைப்போம். அது சும்மா இருப்பதில்லை. சுற்றுப்புறத்து மின் சலனங்களையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு கணம் ஆம் என்றும் மறுகணம் இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அது சொல்வது மாறும். யாரும் தொடாத கியர்கள் திரையில் தாமே விழும், தாமே கழலும்.

இதற்கு மருந்து சிப்புக்குள்ளேயே இருக்கிறது. நிரலில் ஒரு சொல்லைச் சேர்த்தால், 20 முதல் 50 கிலோ ஓம் வரையுள்ள ஒரு மின்தடை அந்தக் காலை 5 வோல்ட்டோடு மெல்லக் கட்டி வைக்கும். அதன் பிடி மிக லேசானது. சுவிட்ச் மூடிய உடனே எதிர்க்காமல் விட்டுக்கொடுத்துவிடும். சுவிட்ச் திறந்ததும் காலைத் தன் இடத்துக்கே கொண்டுவந்துவிடும். அவ்வளவு லேசான பிடியே அலைச்சலை முழுதாக நிறுத்தப் போதுமானது.

நாம ஜபம் செய்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ஜபம் அந்த மின்தடை போன்றது. வேலைக்குத் தடை செய்வதில்லை. பேச வேண்டிய நேரத்தில் வழிவிட்டு நிற்கிறது. வேலை ஓய்ந்ததும் மனம் கண்ட திசையில் போகாமல் ஒரு பெயரிடம் திரும்பிவிடுகிறது. இறுக்கிக் கட்டிய மனம் கட்டை அறுக்கப் பார்க்கும். எதனோடும் கட்டாத மனம், அண்டை வீட்டுச் சத்தத்தையும் நேற்றைய பேச்சையும் தன் எண்ணம் என்று எடுத்துக்கொள்ளும். லேசாகவும் இடைவிடாமலும் ஒன்றோடு இணைந்திருக்கிற மனத்துக்குத்தான் அமைதி கிடைக்கிறது. முருகா என்றோ, ராமா என்றோ, இயேசுவே என்றோ, அல்லாஹ் என்றோ அவரவர்க்கு ஒரு பெயர் இருக்கிறது.

சுவிட்ச் மூடும்போது நடப்பதும் கவனிக்கத் தக்கது. நமக்கு ஒரே ஒரு 'கிளிக்' கேட்கிறது. உள்ளே அந்த உலோகத் துண்டு பட்டு, எகிறி, மீண்டும் பட்டுத்தான் நிலைகொள்கிறது. எல்லாம் சில மில்லி விநாடிக்குள். விநாடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் துடிப்புகளில் ஓடும் சிப்புக்கு அதுவே நீண்ட நேரம். ஒவ்வோர் எகிறலையும் அது தனித்தனி அழுத்தமாக எண்ணிக்கொள்ளும். ஆகவே முதல் தொடுகையை உடனே நம்பாதே, சில மில்லி விநாடி பொறு, அப்போதும் மூடியே இருந்தால் ஏற்றுக்கொள் என்று நிரலில் எழுதி வைக்கிறோம். கோபம் வரும் முதல் கணமும், ஆசை எழும் முதல் கணமும் இப்படித்தான் எகிறுகின்றன. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் எது நிலைக்கிறது, எது வெறும் அதிர்வு என்று தெரிந்துவிடும்.

சுவிட்ச் இல்லாத இடம்

ஒயர்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்து முடித்த பிறகு எண்ணிப் பார்த்தால், ஆறு கியருக்கு ஆறு சுவிட்ச், ரிவர்ஸுக்கு ஒன்று. நியூட்ரலுக்கு ஒன்றுகூட இல்லை. தேவையும் இல்லை. எந்தப் பொத்தானும் அழுந்தாதபோது, வண்டி நியூட்ரலில் இருக்கிறது என்று விளையாட்டு தானே புரிந்துகொள்கிறது. மற்ற எல்லாவற்றையும் நாம் செய்ய வேண்டியிருந்தது. வெட்டினோம், ராவினோம், திருகினோம், பற்றவைத்தோம். நியூட்ரலை மட்டும் யாரும் செய்யவில்லை. எதையும் பிடிக்காதபோது அது இருக்கிறது. நாம் செய்ததெல்லாம் அதற்கு இடம் விட்டது மட்டுமே.

என் சிந்தனைக்கு மையம் இதுதான். மன அமைதியை ஒரு பொருள்போலத் தேடி, அதற்கென்று ஒரு பயிற்சி, ஒரு பயணம், ஒரு புத்தகம் என்று சேர்த்துக்கொண்டே போகிறோம். அமைதியைக் கொண்டுவரும் சுவிட்ச் எதுவும் மனத்தில் பொருத்தப்படவில்லை. பிடித்திருக்கும் கியரை விட்டால் போதும். தாயுமானவருக்கு அவருடைய மௌன குரு அருளிய உபதேசம் சும்மா இருக்கச் சொன்னது என்பது நம் மரபு. அந்த உபதேசத்தில் புதிதாகச் செய்ய வேண்டியது எதுவும் சொல்லப்படவில்லை. பயிற்சிகள் வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. தகட்டில் அந்தக் குறுக்குப் பள்ளத்தை வெட்டாமல் விட்டால் நியூட்ரலுக்கு இடமே இருக்காது. பூசை, தியானம், மௌனம் எல்லாம் பள்ளம் வெட்டும் வேலை. அங்கே வந்து தங்குவது நம்மால் செய்யப்பட்ட ஒன்றல்ல.

நடுவில் நடக்கும் வேலை

நியூட்ரல் வெறுமையாகத் தெரிந்தாலும், முக்கியமான காரியம் ஒன்று அங்கேதான் நடக்கிறது. கியர் மாறும்போது சுழலும் இரண்டு பாகங்களின் வேகம் ஒத்துவர வேண்டும். இப்போது அதைச் செய்துகொடுப்பது சிங்க்ரோமெஷ் என்ற அமைப்பு. பித்தளை வளையம் ஒன்று உரசி, இரண்டு வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். காடிலாக் கார்களில் 1928-இல்தான் அது வந்தது. அதற்கு முன்பும், அது இல்லாத பழைய லாரிகளில் பிறகு நெடுங்காலமும், ஓட்டுநரே அதைச் செய்தார். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வருவார். அங்கே கிளட்ச்சை விடுவார். எஞ்சின் வேகம் ஒத்துவரும் வரை காது கொடுத்துக் கேட்பார். மீண்டும் மிதித்து அடுத்த கியரைப் போடுவார். டபுள் கிளட்ச் என்று இன்றும் பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். மலைப்பாதையில் பாரம் ஏற்றிய லாரியை இறக்குகிறவருக்கு நியூட்ரலில் நிற்கும் அந்த ஒரு கணம் உயிரோடு சம்பந்தப்பட்டது. ஒத்துவராமல் திணித்தால் பற்கள் அரைபடும் ஓசை கேட்கும்.

அலுவலகத்தின் வேகம் வேறு, வீட்டின் வேகம் வேறு. அதே வேகத்தில் வாசலைத் தாண்டி உள்ளே வருகிறவரின் முதல் சொல்லில் அந்த உரசல் கேட்கும். துக்க வீட்டிலிருந்து வந்தவர் நேரே வரவு செலவுக் கணக்கில் உட்கார்ந்தால் மனத்தின் பற்கள் அரைபடும். நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். வழிபாட்டை இரவும் பகலும் சந்திக்கும் பொழுதுகளில் வைத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் உரத்துப் பேசவும் தூங்கவும் கூடாது என்றார்கள். பகலின் வேகத்தை இரவின் வேகத்தோடு ஒத்துப்போகச் செய்யும் இடைவெளி அது. துக்கத்துக்குப் பதினாறு நாள் வைத்ததும், கோயிலிலிருந்து கிளம்புமுன் சற்று உட்கார்ந்துவிட்டுப் போ என்று சொன்னதும் இதே அறிவின் பகுதிகள்.

நடுவே இல்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்பதற்குப் பந்தயத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1991 மார்ச் 24 அன்று பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தில் அயர்டன் சென்னா தன் நாட்டு மக்கள் முன் ஓட்டினார். அவருடைய மெக்லாரன் காரில் கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். அந்த வகைக் காரில் உலகப் பட்டம் வெல்லப்பட்டது அந்த ஆண்டே கடைசி. பந்தயத்தின் பிற்பகுதியில் கியர்கள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. கடைசியில் மிஞ்சியது ஆறாவது மட்டும். மெதுவாகத் திரும்ப வேண்டிய வளைவுகளையும் அதே கியரில் இழுத்தார். இறுதியில் மழையும் சேர்ந்தது. ஏறக்குறைய மூன்று விநாடி வித்தியாசத்தில் வென்றார். ஆனால் தசைகள் இறுகி, காரிலிருந்து தானாக இறங்க முடியாத நிலை. மேடையில் கோப்பையைத் தூக்குவதற்கே தவித்தார்.

அந்த மன உறுதியை வணங்காமல் இருக்க முடியாது. அதே சமயம், ஒரே கியரில் ஒரு வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருக்கும் எத்தனையோ பேரை நாம் அறிவோம். வெற்றி அவர்களுக்கும் கிடைக்கிறது. கிடைத்ததைத் தூக்கிப் பிடிக்கத் தோளில் பலம் இருப்பதில்லை. சென்னாவுக்கு வேறு கியர் மிஞ்சவில்லை. நமக்கு அப்படி ஒரு கட்டாயம் பெரும்பாலும் இல்லை; விடத் தயங்குகிறோம், அவ்வளவுதான்.

செய்ததைக் கொடுத்தல்

ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை சிந்தனையா என்று கேட்கலாம். திருவண்ணாமலையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை சொல்கிறது. வேலூர் ஊரிசு கல்லூரியின் தெலுங்குப் பண்டிதர் ஒருவர் ரமண மகரிஷியிடம் பலன் கருதாத செயலைப் பற்றிக் கேட்டார். மகரிஷி பதில் சொல்லவில்லை. பிறகு மலையில் நடந்தபோது வழியில் கிடந்த ஒரு முள் கொம்பை எடுத்தார். உட்கார்ந்து முட்களைச் சீவினார். கணுக்களைச் சமன் செய்தார். சொரசொரப்பான இலையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். பல மணி நேர வேலை. முடிந்தபோது அழகான கைத்தடி ஒன்று உருவாகியிருந்தது. அந்த நேரத்தில் ஆட்டிடையச் சிறுவன் ஒருவன் தன் கோலைத் தொலைத்துவிட்டு வாடி வந்தான். மகரிஷி அந்தத் தடியை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று பண்டிதர் உணர்ந்தார்.

ஒரு கோல் எதற்குப் பயன்படும் என்பதை வைத்து மகரிஷி தன் கவனத்தை அளக்கவில்லை. ஆடு மேய்க்கும் கோலுக்கும் அதே மெருகு கிடைத்தது. செய்யும் பொருளின் பெருமையால் வேலை புனிதமாவதில்லை. செய்கிறவரின் முழு மனத்தால் ஆகிறது. விளையாட்டுக்கான கியர் ராடையும் அந்த மனத்தோடு செய்யலாம்.

கொடுக்கும் மரபு இந்தக் கைவேலைக்குள்ளும் இருக்கிறது. ஆர்டுயினோ பலகை 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் தொடங்கியது. அதைச் செய்தவர்கள் அதன் வரைபடத்தை உலகத்துக்குத் திறந்துவைத்தார்கள். அதை ஜாய்ஸ்டிக்காக மாற்றும் நிரலையும் யாரோ எழுதி இலவசமாகத் தந்திருக்கிறார்கள். அவர்கள் முகம் நமக்குத் தெரியாது; நம் முகம் அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கொடை இல்லாமல் என் பெட்டியில் ஒரு கியரும் விழுந்திருக்காது.

ஆகவே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கைக்குப் பிடித்த ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தையலோ, தச்சோ, சமையலோ, எதுவானாலும் சரி. செய்யும்போது அதில் முழுதாக இருங்கள். அதை விட்டு அடுத்ததற்குப் போகுமுன் ஒரு மூச்சு நேரம் எதையும் பிடிக்காமல் உட்காருங்கள். கற்றதைக் கேட்டு வருகிற இளையவருக்கு ஒளிக்காமல் சொல்லிக்கொடுங்கள். பலனில் பற்றில்லாமல் வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு, ஒரு சாதாரண நாளில் நம்மால் தரக்கூடிய விடை இவ்வளவுதான், இதுவே போதுமானது.